பொன்னியின் செல்வன்: ஒரே தொகுதியா, ஐந்து பாகமா?

12 வயது அக்கா மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகப் பொன்னியின் செல்வன், எந்தப் பதிப்பு என்று கேட்டிருந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பாகமாக வாங்குங்கள். ஒரே குண்டுப் புத்தகம் அலமாரிக்கு அழகு. படுத்துக்கொண்டு படித்தால் நெஞ்சில் செங்கல் வைத்த மாதிரி. அண்ணன் மகனுக்கு நான் வாங்கியது, பாதிக் கதைக்குள் முதுகு பிளந்து தாள்தாளாக வந்துவிட்டது. 1999இல் நாட்டுடைமை ஆனதால் ஆளாளுக்கு அச்சிடுகிறார்கள். கடையில் நடுப்பக்கத்தைப் பிரித்து எழுத்தின் அளவையும், பின்பக்க மை தெரிகிறதா என்பதையும் பாருங்கள். 1950 முதல் தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்கள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். முதலில் முதல் பாகமான 'புது வெள்ளம்' மட்டும் கொடுங்கள். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது பிடித்துவிட்டால் அடுத்த பாகத்தை அவளே கேட்பாள்.