ஆட்டிசமும் குடும்ப மரபணு ஆய்வும்: கேள்வி பதில்

கேள்வி: ஆட்டிசம் இருப்பது மகனுக்கு. எங்கள் இருவரின் டிஎன்ஏ எதற்கு, சார்?

பதில்: பெற்றோர் இருவரிடமும் இல்லாத சுமார் 60, 70 புதிய டிஎன்ஏ எழுத்து மாற்றங்களோடுதான் எந்தக் குழந்தையும் பிறக்கிறது. புரதத்தை நிர்ணயிக்கும் பகுதியில் விழுவது அவற்றில் ஒன்றோ இரண்டோதான். மகனுடையதை மட்டும் படித்தால் அரிய மாற்றங்கள் ஏராளமாக வரும். எது புதிது, எது தாத்தா வழி வந்தது என்று பிரிக்க முடியாது. உங்களிடம் இருப்பதைக் கழித்தால் மிஞ்சுவதை விரல்விட்டு எண்ணலாம். அமெரிக்காவின் சைமன்ஸ் சிம்ப்ளெக்ஸ் தொகுப்பு, ஒரு குழந்தைக்கு மட்டும் ஆட்டிசம் உள்ள சுமார் 2,600 குடும்பங்களைத் திரட்டியது இதற்காகவே. சிஎச்டி8, எஸ்சிஎன்2ஏ போன்ற மரபணுக்களுக்கு ஆட்டிசத்தோடு தொடர்பு உண்டு என்பது வலுவாக நிலைபெற்றது இந்தக் கழித்தலால்தான்.

கேள்வி: மகளுக்கு ஒன்றும் இல்லையே, அவளும் தர வேண்டுமா?

பதில்: தந்தால் நல்லது. ஆட்டிசம் இல்லாத அவளிடமும் புதிய மாற்றங்கள் இருக்கும். ஒப்பிட அதைவிட நல்ல ஆள் கிடையாது.

கேள்வி: எச்சில் மாதிரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

பதில்: பெரும்பாலும் அளவுக் குறைவுதான். குழாயில் உள்ள கோடு வரை, வழக்கமாக 2 மி.லி., வேண்டும், நுரை கணக்கில் சேராது. 30 நிமிடம் முன்பிருந்தே சாப்பாடு, தண்ணீர் கூடாது. மூடியை முழுக்கத் திருகி, அதிலுள்ள திரவம் இறங்கியதும் நன்றாகக் குலுக்குங்கள். துப்பத் தெரியாத பிள்ளைக்குக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே வைத்து ஊறவிடும் பஞ்சுக் குச்சி உண்டு, கேட்டு வாங்குங்கள். அப்பா குழாயும் மகன் குழாயும் மாறிப்போனால் உறவுச் சரிபார்ப்பு இடிக்கும், குடும்பத்தின் தரவே நின்றுவிடும்.

கேள்வி: மைக்ரோஅரே என்ற மரபணுச் சோதனை நார்மல். மரபுக் காரணம் இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. 16ஆம் குரோமோசோமின் 16பி11.2 பகுதி போல ஒரு துண்டே விடுபட்டாலோ இரட்டித்தாலோதான் அது காட்டும். ஒற்றை எழுத்து மாற்றத்துக்கு எக்சோம், அதாவது புரதத்தை நிர்ணயிக்கும் பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சோதனை, வேண்டும். ஃப்ரஜைல் எக்ஸ் என்ற, எக்ஸ் குரோமோசோம் சார்ந்த மரபுக் கோளாறு மைக்ரோஅரேயில் சிக்காது. சிஜிஜி என்ற மூன்றெழுத்துத் தொடர் 200 முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்து நீண்டிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: புதிய மாற்றம் என்றால் அடுத்த குழந்தைக்குப் பயமில்லையா?

பதில்: அதே மாற்றம் திரும்ப வரும் வாய்ப்பு பொதுவாக 1 சதவீதம் அளவில் சொல்லப்படுகிறது. பூஜ்யம் இல்லை, பெற்றோரின் சில விந்தணுக்களிலோ கருமுட்டைகளிலோ அது ஒளிந்திருக்கலாம், ரத்தத்தில் தெரியாது. மற்றபடி, மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் உள்ள குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் அடுத்த பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வந்தது.

கேள்வி: எங்களுடையது அத்தை மகன் கல்யாணம். சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம், அம்மா. அப்போது புதிய மாற்றத்தை மட்டும் தேடினால் போதாது. இருவரிடமிருந்தும் வந்து இரு பிரதியிலும் ஒரே பழுது உள்ள மரபணுவையும் தேட வேண்டும்.