அந்தப் பையைத் தைத்தது யார்?

கேள்வி: எனக்கு வயது 38. ஆறு வருஷத்துக்கு முன்பு கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். மகள் பத்தாவது, மகன் ஆறாவது படிக்கிறார்கள். குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் என்று வாரத் தவணை கட்ட முடியாமல் திணறியபோது, எங்கள் தெரு அக்கா ஒருவர் குருவியாகப் போகச் சொன்னார். டிக்கெட் அவர்கள் செலவு. கோலாலம்பூரில் கொடுக்கும் தங்கத்தைக் கட்டிக்கொண்டு திருச்சியில் இறங்கினால் 15,000 ரூபாய். மூன்று முறை போய்விட்டேன். உள்பாவாடையில் பை வைத்துத் தைப்பதெல்லாம் என் மகள்தான், அவளுக்குத் தையல் நன்றாக வரும். வசதியான அண்ணன் இருக்கிறார், ஆனால் அவர் வாசலில் போய் நிற்க மனம் வரவில்லை. பிள்ளைகளுக்காகத்தான் இதைச் செய்கிறேன். இன்னும் நாலு தடவை போனால் கடன் முடிந்துவிடும். போகலாமா? மாட்டினால் என்ன ஆகும்?
- பெயர் வேண்டாம், திருச்சி மாவட்டம்

பதில்: கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கடனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி ஒரே ஒரு வரி. அதுவும் பெருமையாக! தையல் நன்றாக வருமாம்.

ஏம்மா, வெளியே டெய்லரிடம் கொடுத்தால் எதற்கு என்று கேட்பார் என்றுதானே மகளிடம் கொடுத்தீர்கள்? அவள் கேட்கவில்லையா? கேட்காமலே தைத்தாள் என்றால் அது இன்னும் மோசம். அம்மா இடுப்பில் எதைக் கட்டிக்கொண்டு வரப்போகிறாள் என்று தெரிந்து, தையல் பிரிந்தால் அம்மா ஜெயிலுக்குப் போய்விடுவாள் என்றும் தெரிந்து, ஒரு பத்தாவது படிக்கிற பெண் ராத்திரி உட்கார்ந்து தைத்திருக்கிறாள். நீங்கள் திரும்பி வரும்வரை தம்பிக்குச் சோறு போட்டு, அக்கம்பக்கத்தில் அம்மா எங்கே என்று கேட்டவர்களுக்கு ஒரு பொய்யும் சொல்லியிருப்பாள். அதை நீங்கள் எழுதவில்லை.

"பிள்ளைகளுக்காகத்தான்" என்ற வார்த்தை இல்லாமல் இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வந்ததே இல்லை. பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைக்காகச் செய்வது வேறு, பிள்ளையை வைத்துச் செய்வது வேறு. முதல் தடவை நீங்கள் போனது கடனுக்காக என்றே வைத்துக்கொள்வோம். மகள் கையில் ஊசியைக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.

மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். உங்களைச் சோதிப்பது பெண் சுங்க அதிகாரிதான், சட்டம் அப்படி. உள்பாவாடையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்கப்போகும் கேள்விகளில் இதுவும் இருக்கும்: இந்தப் பையைத் தைத்தது யார்? போலீஸிடம் சொல்வது கோர்ட்டில் நிற்காது என்று அந்த அக்கா தைரியம் சொல்லியிருப்பார். இவர்கள் போலீஸ் இல்லை. சுங்கச் சட்டம் 108-வது பிரிவின்படி வாங்கும் வாக்குமூலம் உங்களுக்கு எதிராகவே சாட்சியமாகும், அதில் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். அப்போது யார் பெயரைச் சொல்வீர்கள்?

சிறார் நீதிச் சட்டம் 2015-ல் 83-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்டவிரோதக் காரியத்துக்குக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் அபராதம். பெற்ற தாய்க்கு மட்டும் விலக்கு என்று அதில் எங்கும் இல்லை.

தங்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை கிராம் கட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, உங்களுக்கே தெரியாது போல. ஒரு கிலோ தங்கம் இன்று ஒரு கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது. சரக்கின் மதிப்பு அந்த ஒரு கோடியைத் தாண்டினால் 7 ஆண்டு வரை சிறை, சுலபத்தில் ஜாமீன் கிடைக்காது. தண்டனை ஓராண்டுக்குக் கீழே குறைய வேண்டுமானால் தனிக் காரணம் காட்டவேண்டும். 'முதலாளி நான் இல்லை, சுமந்து வந்தவள்தான்' என்பது அப்படிப்பட்ட காரணமாகாது என்று சுங்கச் சட்டம் 135-வது பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை என்பதும் ஆகாது. மதிப்பு குறைவாக இருந்தாலும் 3 ஆண்டு வரை போகலாம். தங்கம் பறிபோவதும் அபராதமும் தனி. கடத்தலுக்கான தடுப்புக் காவல் சட்டமான காஃபிபோசாவில் போட்டால் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

இத்தனைக்கும் யாருக்கு லாபம்? 2024 ஜூலையில் தங்கத்துக்கான இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். அந்த 6 சதவீதக் கணக்கில்கூட ஒரு கோடி ரூபாய்த் தங்கத்துக்கு 6 லட்சம் வரி மிச்சம். உங்களுக்கு 15,000. இன்னொன்று, இங்கிருந்து போகும்போது 'இந்தச் சின்னப் பார்சலைக் கொடுத்துவிடு' என்று எதையாவது தந்தால் தொடவே தொடாதீர்கள். மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு இன்னும் தூக்கு உண்டு. 2023-ல் அது கட்டாயம் என்பதை மட்டும்தான் நீக்கினார்கள்.

சரி, அண்ணனுக்கு வருவோம். முன்பின் தெரியாத அதிகாரி முன்னால் சோதனைக்கு நிற்கத் துணிந்துவிட்டீர்கள், கூடப்பிறந்தவர் வாசலில் நிற்க மட்டும் மனம் வரவில்லை. என்ன மானம் இது? தங்கை தவணைக்கு அல்லாடுவது தெரிந்தும் எட்டிப் பார்க்காத அந்த மனிதரையும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கடிதம் எழுதியது நீங்கள். மகள் சடங்குக்குச் சபையில் தாய்மாமன் சீர் வைத்திருப்பார் இல்லையா? அந்த உரிமை இருக்கிறவருக்குக் கடமையும் உண்டு. போய்க் கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். குத்தலாக நாலு வார்த்தை பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன்காரர்கள் விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் தரும்போது, எல்லாத் தவணையும் சேர்த்துக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. வீட்டு வாசலில் வந்து மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-ல் தனிச் சட்டமே வந்தது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100 என்ற எண்ணில் கூப்பிடவும் செய்யலாம். தவணைக் கணக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஏற்கெனவே போய்வந்த மூன்று தடவையையும் அந்த வக்கீலிடம் மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வேறு யாரிடமும் வேண்டாம். பாஸ்போர்ட் அந்த அக்காவிடம் இருந்தால், அதை எப்படித் திரும்ப வாங்குவது என்றும் அங்கேயே கேளுங்கள்.

இனி ஒரு தடவைகூடப் போகக்கூடாது. நாலு தடவை என்று நீங்கள்தான் கணக்குப் போடுகிறீர்கள், அவர்கள் போடவில்லை.

மகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். நான் கேட்டது தப்பு, நீ தைத்தது உன் தப்பு இல்லை என்று உங்கள் வாயால் அவள் கேட்கவேண்டும். அப்புறம், அந்த அக்கா வீட்டுக்கு எந்தக் காரணத்துக்கும் அவளை அனுப்பாதீர்கள். 18 முடிந்ததும் அவளுக்கும் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுக்க அவர் தயாராக இருப்பார். தைக்கவும் தெரிந்து, வாயைத் திறக்காமல் இருக்கவும் பழகிய பெண் அவருக்கு எங்கே கிடைப்பாள்?