பாரா சைக்கிள் பந்தயத்தில் சி1 முதல் சி5 வரையிலான பிரிவுகள் எதற்கு?

மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைக் காயமடைந்த ஆஸ்திரேலியாவின் கோரி பாடிங்டன், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் சி4-5 பிரிவு 1000 மீட்டர் போட்டியில் தங்கம் வென்றார். அந்த 'சி' எண், உடற்குறை சைக்கிள் ஓட்டுவதை எவ்வளவு பாதிக்கிறது என்பதன் அளவு. எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம்.

இப்படிப் பிரிப்பதற்கான காரணம் பந்தயத்தின் தொடக்கத்திலேயே தெரியும். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கருவி விடுவித்த நொடியில், ஒரே கியர் கொண்ட, பிரேக் இல்லாத சைக்கிளை நின்ற நிலையிலிருந்து முழு பலத்தோடு உந்த வேண்டும். மூளைக் காயம் கால்களின் ஒத்திசைவைக் குலைத்திருந்தால் பொன்னான நேரம் அங்கேயே கரையும். அந்தத் தடையை மீறி எடுக்கும் வேகம் என்னை வியக்க வைக்கிறது.

தண்ணீர்க் குடத்தோடு படியேறுபவரையும் வெறுங்கையோடு ஏறுபவரையும் ஒரே கடிகாரத்தால் அளப்பது நியாயமா? அதனால்தான் சி4, சி5 வீரர்கள் ஒரே போட்டியில் மோதும்போது சி4 வீரரின் நேரம் சற்றே குறைத்துக் கணக்கிடப்படுகிறது.

பலர் நினைப்பதுபோல் இந்த எண் திறமைக்கான தரவரிசை அல்ல. சி1 வீரரும் உலக சாம்பியனாகலாம்.