நிணநீர் நாளங்கள் கருவில் எங்கிருந்து கிளம்புகின்றன? – கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். வாரம் என்று எழுதினால் எந்தக் கணக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கருவியல் நூல்கள் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணும். ஸ்கேன் அறிக்கை கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும். நடுவில் இரண்டு வாரம் இடிக்கும்.

செல்வி: இரத்தக் குழாய்களோடு சேர்ந்தே நிணநீர் நாளங்களும் உருவாகின்றனவா மேடம்?

இல்லை, பின்னால்தான். (நிணநீர் நாளம் என்றால், திசுக்களில் கசிந்த நீரைத் திரட்டி இரத்தத்தில் கொண்டு சேர்க்கும் குழாய்.) இதயம் துடித்து இரத்தம் ஓடத் தொடங்கிய பிறகே இவற்றின் முறை வரும். மனிதக் கருவில், கருத்தரித்த கணக்கில், ஐந்து முதல் ஏழாம் வாரத்துக்குள் கழுத்தின் இருபுறமும் முதல் நிணநீர்ப் பைகள் தெரியும்.

இளங்கோ: சிரையில் இருக்கும் செல் எப்படி நிணநீர் செல் ஆகிறது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சிரை என்பது இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். நிணநீர் செல்கள் பெரும்பாலும் அதன் சுவரிலிருந்துதான் கிளம்புகின்றன. எலிக் கருவை வைத்துச் சொல்கிறேன். எலியின் நாள்கணக்கை மனிதக் கருவுக்கு அப்படியே ஒட்டிவிடாதீர்கள்.

ஒன்பதரை நாள் வாக்கில், கார்டினல் சிரை என்ற பெரிய சிரையின் சுவரில் ஒரு பக்கத்துச் செல்களில் மட்டும் பிராக்ஸ்1 என்ற புரதம் தலைகாட்டும். சாக்ஸ்18, கூப்-டிஎஃப்2 இரண்டும் சேர்ந்து அதைத் தூண்டிவிடுகின்றன. மற்ற மரபணுக்களை முடுக்குவதும் அடக்குவதும் பிராக்ஸ்1இன் வேலை. அது இல்லாத எலிகளை விகிலும் ஆலிவரும் 1999இல் ஆராய்ந்தார்கள். இரத்தக் குழாய்கள் இருந்தன. நிணநீர் மண்டலம் உருவாகவே இல்லை.

ஆனால் அடையாளம் மாறினால் மட்டும் போதாது, வெளியே வர அழைப்பும் வேண்டும். சுற்றியுள்ள திசு சுரக்கும் விஇஜிஎஃப்-சி என்ற புரதம்தான் அந்த அழைப்பு. அது இல்லாத எலிகளில் செல்கள் பிராக்ஸ்1ஐ ஏந்திக்கொண்டு சிரைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன என்று 2004இல் காட்டினார்கள்.

வெளியேறும் விதத்தைப் பாருங்கள். ஒன்றையொன்று விடாமல் பிடித்தபடி சரம்சரமாக வெளியே வருகின்றன. அதனால் சிரைச் சுவரில் ஓட்டை விழுவதில்லை. பிராக்ஸ்1 இருந்தும் கிளம்பாமல் தங்கிவிட்ட சில செல்கள், பிற்பாடு நிணநீர் சிரையில் கலக்கும் இடத்து வால்வில் பங்கெடுக்கின்றன.

இன்னொன்று: இந்த அடையாளம் ஒருமுறை கிடைத்தால் நிலைத்துவிடுவதில்லை. வளர்ந்த எலியிலும் பிராக்ஸ்1ஐ நீக்கினால் நிணநீர் செல் இரத்தக் குழாய்ச் செல்லின் குணங்களைக் காட்டத் தொடங்குகிறது. ஆயுள் முழுக்க அந்தப் புரதம் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

பெயர் வேண்டாம்: 12 வார ஸ்கேனில் குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் நீர் அதிகம் என்கிறார்கள். நிணநீர்க் கோளாறா?

அதற்குக் காரணங்கள் பல. நிணநீர் வடிகால் பிசகுவது அவற்றில் ஒன்று மட்டுமே. அறிக்கையை எடுத்துக்கொண்டு கருநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். இங்கே எழுத்தில் நான் சொல்வது உங்களுக்கு உதவாது.

தீபா: சிரைச் செல் எப்படி நிணநீர் செல்லாகும்?

இளங்கோவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

முகிலன்: சிரையிலிருந்து என்பதெல்லாம் பழைய பாடம். 2015 ஆய்வுகளுக்குப் பிறகு ஹன்டிங்டனும் மெக்கிளூரும் சொன்னதுதானே சரி?

பின்னணி தெரியாதவர்களுக்காக: 1902இல் ஃபுளோரன்ஸ் சேபின் பன்றிக் கருக்களுக்குள் மை செலுத்திப் பார்த்து, நாளங்கள் சிரையிலிருந்து முளைத்து வெளிப்பக்கம் பரவுகின்றன என்றார். 1910இல் மற்ற இருவரும், சுற்றுத் திசுவில் தனியாகத் தோன்றிப் பிறகு சிரையோடு இணைகின்றன என்றார்கள். 2006இல் உயிருள்ள வரிக்குதிரை மீன் கருவில் சிரையிலிருந்து செல்கள் கிளம்புவதையே படம் பிடித்துவிட்டார்கள். 2015இல் இதயம், குடல்தாங்கி, தோல் ஆகிய இடங்களில், நாளங்களின் ஒரு பகுதி சிரையல்லாத செல்களிலிருந்து வருவதாகத் தெரிந்தது. ஒரு பகுதி, முகிலன். முழுதும் அல்ல.

முகிலன்: சரி, 2019 ஆய்வு? நடுப்படலம்தான் முக்கிய மூலம் என்று வந்ததே!

தண்டுவடத்தை ஒட்டிய நடுப்படலம் (கருவின் நடு அடுக்குத் திசு) என்று முழுதாகச் சொல்லுங்கள். அந்தச் செல்கள் முதலில் கார்டினல் சிரையின் சுவரில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் நிணநீர் செல்லாகக் கிளம்புகின்றன. சிரைச் சுவர் எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. நிணநீர் செல் எங்கிருந்து புறப்பட்டது என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பினால் சேபின் தோற்றதாகத்தான் தெரியும். உங்கள் வாதத்துக்கு வலு தருவது தோலும் இதயமும். அவற்றை வைத்து வாருங்கள், நானும் ஆவலாகப் பேசுவேன்.

ரஹீம்: எனக்கும் அதே சந்தேகம், சிரைச் செல் எப்படி…

மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கலைவாணி: சிரையிலிருந்தே பிரிந்தது என்றால், இரத்தம் ஏன் நிணநீருக்குள் புகுவதில்லை?

நல்ல கேள்வி. காவல் காப்பவை இரத்தத் தட்டணுக்கள். நிணநீர் செல்லின் மேல் போடோபிளானின் என்ற புரதம் இருக்கும். தட்டணுவின் கிளெக்-2 ஏற்பி அதைத் தொட்டதும் தட்டணு முடுக்கிவிடப்பட்டு, இணையும் இடத்தில் திரண்டு அடைக்கிறது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் எலிக் கருவின் நிணநீர் நாளங்களில் இரத்தம் நிரம்பிவிடும். பிற்பாடு வால்வும் கைகொடுக்கிறது.

அன்பு: மூளை உறையின் நிணநீர் நாளங்களும் கருவிலேயே வந்துவிடுமா?

எலியில் அவை பெரும்பாலும் பிறந்த பிறகுதான் வளர்கின்றன.