பழைய மல்யுத்த டிவிடிகளில் முத்திரையை ஏன் மங்கலாக்கியிருக்கிறார்கள்?

டிவிடி கெட்டுப்போகவில்லை. அந்த மல்யுத்த நிறுவனத்தின் பெயர் அப்போது டபிள்யூடபிள்யூஎஃப். அதே எழுத்துகளைக் கொண்ட, பாண்டா முத்திரை போட்ட உலக இயற்கை நிதியம், அந்த எழுத்துகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திய 1994 உடன்பாட்டை நிறுவனம் மீறியதாக இங்கிலாந்தில் வழக்குப் போட்டு வென்றது. 2002 மே மாதம் மல்யுத்த நிறுவனம் டபிள்யூடபிள்யூஈ என்று பெயர் மாறியது. அப்புறம் வந்த டிவிடிகளில், 90களின் கடைசியில் வந்த கீறல் முத்திரை தெரியும் இடமெல்லாம் மங்கல். வர்ணனையில் பெயரின் கடைசி எழுத்தையும் அமுக்கிவிடுவார்கள். 2012-இல் சமரசம் ஆனபிறகுதான் இது நின்றது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில், அண்ணன் டிவியிலிருந்து பதிந்த கேசட் இன்னும் இருக்கிறது. மல்யுத்த வீரர் ஸ்டோன் கோல்ட் நுழையும்போது ஒலிக்கும் கண்ணாடி உடையும் சத்தம் வரும்போது படம் லேசாக ஆடும், ஆனால் முத்திரை பளிச்சென்று தெரியும். எனக்கு அந்த மங்கல் டிவிடிகளைவிட இந்தக் கேசட்தான் உயர்வு. வாங்குவதாக இருந்தால் அட்டையின் பின்பக்கம் வருடத்தைப் பார்த்து வாங்குங்கள்.