‘பழகிடும்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள்

இந்த முறை கிளி வளர்ப்பவர்களின் கடிதங்களுக்கே முழு இடமும். வீட்டில் ஏற்கெனவே வயதான, பெரிய கிளி ஒன்று இருக்கிறது; துணைக்கு ஒரு குஞ்சு வாங்கிவிட்டார்கள், அல்லது வாங்கப் போகிறார்கள். விற்பவர் சொன்னதாகக் கடிதத்துக்குக் கடிதம் ஒரே சொல் வருகிறது: "பழகிடும்."

கேள்வி: எங்கள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு ஒன்பது வயது. மூன்று மாத சன் கான்யூர் கிளிக் குஞ்சு ஒன்று வாங்கியிருக்கிறோம். கூண்டு விசாலமானது. அதிலேயே சேர்த்து விடலாமா?

பதில்: விடாதீர்கள். இன்றும் வேண்டாம், ஒரு வருடம் கழித்தும் வேண்டாம். சாம்பல் கிளி 400 முதல் 500 கிராம் வரை இருக்கும், கான்யூர் அதில் கால் பங்குதான். ஒன்பது வருடமாகத் தன் வீடாக இருந்த கூண்டில் இன்னொன்று நுழைந்தால் பெரியது விரட்டும், சின்னதுக்கு ஓட இடம் இருக்காது. தனித்தனிக் கூண்டு, கடைசி வரை.

கேள்வி: குஞ்சு வந்து இரண்டு நாள் ஆகிறது, துறுதுறுவென்று இருக்கிறது. தனி அறையில் வைக்கச் சொல்கிறார் நண்பர். விற்றவரோ "எங்களிடம் நோயே கிடையாது" என்கிறார். யாரைக் கேட்பது?

பதில்: நண்பரை. துறுதுறுப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிட்டகோசிஸ் என்ற பறவை நோயின் கிருமியைச் சுமக்கும் கிளி பல வாரம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். அது மனிதருக்கும் தொற்றும். அலகையும் இறகையும் சிதைக்கும் சர்க்கோ வைரஸும் அப்படித்தான் சத்தமில்லாமல் வரும். குறைந்தது 30 நாள், முடிந்தால் 45 நாள், கதவு மூடிய வேறு அறையில் வையுங்கள். பெரிய கிளியின் வேலையை முதலில் முடித்துவிட்டுக் குஞ்சிடம் போங்கள். தட்டு, துணி, துடைப்பம் எல்லாம் வேறு வேறு. அந்த நாட்களுக்குள் பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்டி, எச்சத்தையும் ரத்தத்தையும் பரிசோதித்துவிடுங்கள்.

ஒருமுறை நேரில் போகாமல், படத்தை மட்டும் பார்த்து ஒரு காக்கடீல் கிளிக் குஞ்சுக்குப் பணம் அனுப்பினேன். வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. பதினோராவது நாள் தும்மல், கண் ஓரத்தில் ஈரம். சிட்டகோசிஸ் என்று முடிவு வந்தது. 45 நாள் டாக்ஸிசைக்ளின் மருந்து கொடுத்துக் காப்பாற்றினோம். தனி அறையில் இருந்ததால் என் பெரிய கிளி தப்பியது. விற்றவர் அதன்பின் போனை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து, "இத்தனை நாளுக்குள் மருத்துவர் நோய் என்று சொன்னால் சிகிச்சைச் செலவு என் பொறுப்பு" என்று எழுதித் தராத இடத்தில் நான் பறவை வாங்குவதில்லை.

கேள்வி: பதினைந்து வயது கிளிக்குத் துணையாகச் சாம்பல் கிளிக் குஞ்சு வாங்கினேன். பத்து வாரம் என்றார்கள். "நீங்களே சிரிஞ்சில் ஊட்டினால்தான் உங்களோடு ஒட்டும்" என்று மாவுப் பொட்டலமும் கொடுத்தார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு ஐந்து வாரம்தான் என்றார். கழுத்துக்குக் கீழே புண்ணாகி, ஊட்டியது வெளியே கசிகிறது. வயதான எனக்கு இதெல்லாம் தெரியாமல் போய்விட்டது.

பதில்: அம்மா, இது உங்கள் தவறு இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். புண்ணைத் தைத்து மூட முடியும், நிறைய குஞ்சுகள் பிழைத்திருக்கின்றன. மருத்துவர் சொல்கிற நாளில் தவறாமல் கொண்டுபோங்கள்.

தானாகத் தின்னத் தெரியாத குஞ்சை விற்பதைப் பற்றி நான் பல வருடமாக எழுதி வருகிறேன், இன்னும் எழுதுவேன். சாம்பல் கிளிக் குஞ்சு ஊட்டலை விட்டுத் தானாகத் தின்ன 12 முதல் 16 வாரம் ஆகும். மக்காவ் என்ற பெரிய கிளிக்கு இன்னும் கூடும். அத்தனை வாரமும் ஒரு நாளைக்குப் பல முறை மாவைக் கரைத்து, சூடு பார்த்து, ஊட்டி, வாயைத் துடைத்துவிட ஓர் ஆள் வேண்டும். ஐந்து வாரத்திலேயே விற்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் வாங்குபவர் தலையில் விழுகிறது. குஞ்சு செத்தால் அந்தப் பழியும் வாங்குபவருக்கே.

ஊட்டும் மாவு 39 முதல் 41 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஆறிப்போனால் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையிலேயே தேங்கிப் புளிக்கும். 43-ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும். வெளியே உடனே தெரியாது. சில நாள் கழித்துத் தோல் சிவந்து, பொருக்குக் கட்டி, பொருக்கு உதிரும்போது அங்கே ஓட்டை இருக்கும். உங்கள் குஞ்சுக்கு நடந்தது இதுதான். மைக்ரோவேவில் சூடாக்கினால் நடுவில் ஓர் இடம் மட்டும் கொதித்திருக்கும், விரலில் தொட்டுப் பார்த்தால் பிடிபடாது. சிரிஞ்சு கொஞ்சம் வழி மாறினால் மாவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பழகிய கைக்கே கஷ்டமான வேலையை, பொட்டலத்தைக் கையில் திணித்துப் புதியவரிடம் விடுகிறார்கள்.

ஊட்டினால்தான் ஒட்டும் என்பது பொய். நான்கு மாதத்தில் வந்த குஞ்சும் தினமும் பேசி, கையில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். வாங்கும்முன், குஞ்சு தானாகத் தின்பதை உங்கள் கண்ணால் பாருங்கள். கடைசி ஒரு வார எடைக் குறிப்பைக் கேளுங்கள். தலையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டே இருந்தால் அது இன்னும் ஊட்டல் குஞ்சு.

ரசீது, விளம்பரப் படம், வயது சொன்ன செய்திகள், தேதி போட்ட மருத்துவர் அறிக்கை நான்கையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: குஞ்சு இறந்துவிட்டால் உடனே புதைத்துவிடாதீர்கள். உறைய வைக்காமல் குளிர்ச்சியில் மட்டும் வைத்து, பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உறைந்தால் திசு கெட்டு, காரணம் தெரியாமல் போய்விடும்.

கேள்வி: பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கூண்டில், மக்காவ் கம்பி வழியே பட்ஜி என்ற சின்னக் கிளியின் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. கூண்டு விற்றவர்மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: எதற்கு? கூண்டு ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரண்டையும் ஒட்டி வைத்தது நீங்கள். ஒரு கிலோ எடையுள்ள பறவையின், கொட்டைகளை உடைக்கிற அலகு அது. பட்ஜி 35 கிராம்; அதன் உடம்பில் இருப்பது சுமார் 3 மில்லி ரத்தம்தான். முதலில் மருத்துவரிடம் போங்கள். பிறகு கூண்டுகளுக்கு இடையில் ஒரு மீட்டராவது விடுங்கள். பெரியது வெளியே உலாவும்போது சின்னதன் கூண்டுமேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரிய கிளியின் பழைய கூண்டு சும்மா கிடக்கிறது. குஞ்சுக்கு அதுவே போதுமா?

பதில்: கம்பி இடைவெளியை அளந்து பாருங்கள். பட்ஜிக்கு 12 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, கான்யூருக்கு 19 போதும். சாம்பல் கிளிக்கு 25 வரை போகலாம், மக்காவுக்கு அதற்கும் மேல். "வளரத்தானே போகிறது" என்று நான் ஒரு கான்யூர் குஞ்சுக்கு 25 மில்லிமீட்டர் கூண்டு வாங்கினேன். இரவில் படபடவென்று சத்தம். போய்ப் பார்த்தால் தலை வெளியே, உடம்பு உள்ளே, கழுத்து இறகெல்லாம் நனைந்து கிடந்தது. கட்டிங் பிளேயரால் இரண்டு கம்பியை வெட்டித்தான் எடுத்தேன். துத்தநாகப் பூச்சு வெள்ளைப் பொடியாக உதிரும் கூண்டும் வேண்டாம், கம்பியைக் கொறிக்கிற கிளிக்கு அது விஷம்.

கேள்வி: 45 நாள் முடிந்தது, பரிசோதனையும் சரி. எப்படி அறிமுகம் செய்வது?

பதில்: உங்களைப் போல் பொறுத்திருந்தவர்களுக்கு எழுதச் சந்தோஷமாக இருக்கிறது. முதலில் ஒரே அறையில், எதிரெதிர் மூலையில் கூண்டுகள். காலையில் வணக்கமும் தீனியும் வெளியே விடுவதும் பெரியதுக்கே முதலில். வழக்கம் மாறியது என்று அது நினைக்கக் கூடாது. இரண்டும் நிம்மதியாகத் தின்னவும் தூங்கவும் ஆரம்பித்தபின் மெதுவாக நெருக்குங்கள். அதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

அப்புறம் இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், இரண்டு தனித்தனி ஸ்டாண்டில், பத்து நிமிடம். பெரியதன் கண்ணைப் பாருங்கள். கண்மணி சுருங்கி விரிந்து, பிடரி இறகு சிலிர்த்து, வால் விசிறியாக விரிந்தால் அன்றைக்குப் போதும். நடுவில் கையை நீட்டாதீர்கள், கோபம் உங்கள் விரலில் இறங்கும். ஒரு அட்டையை இடையில் வைத்துப் பிரியுங்கள். ஒரு காலைத் தூக்கி நிற்பதும் தன் இறகைக் கோதுவதும் நல்ல அறிகுறிகள். குஞ்சைத் தினமும் கிராம் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். பத்து சதவீதம் குறைந்தால் பெரியதன் மிரட்டலில் தின்னாமல் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள். சில ஜோடிகள் கடைசி வரை சேராது. தனித்தனியே வெளியே விட்டு வளர்க்கலாம், அதுவும் நல்ல வாழ்க்கைதான்.

கேள்வி: சண்டை வராமலிருக்க இரண்டுக்கும் சிறகை வெட்டித் தருகிறேன் என்கிறார் விற்பவர்.

பதில்: வேண்டாம். பறந்து தப்பிப்பது ஒன்றுதான் குஞ்சுக்கு இருக்கும் வழி.

கேள்வி: சாம்பல் கிளிக் குஞ்சை வீட்டில் பிறந்தது என்கிறார்கள். காலில் வளையமும் இருக்கிறது. நம்பலாமா?

பதில்: வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். இணைப்பே இல்லாத மூடிய வளையத்தைச் சின்னக் குஞ்சாக இருக்கும்போதுதான் காலில் நுழைக்க முடியும். திறந்து அழுத்தியதற்கான கோடு தெரிந்தால் அதை எந்த வயதிலும் போட்டிருக்கலாம். 2016-ல், வன உயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் சாம்பல் கிளியை முதல் பட்டியலுக்கு மாற்றியது, காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கக் கூடாது. அதனால் வளைய எண்ணும் பொரித்த தேதியும் ரசீதில் இருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்பதை இறகு டி.என்.ஏ. பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். அந்த அறிக்கையிலும் அதே வளைய எண் இருக்கிறதா என்று பாருங்கள்.