விரல் வித்தையா?

கேள்வி: வார்சாவில் 2021-ல் நடந்த ஷோப்பான் பியானோ போட்டி பற்றிய 'பியானோஃபோர்ட்டே' ஆவணப்படம் பார்த்தேன். விரல் வித்தை காட்டுவதற்காகப் பிள்ளைகளை இப்படி வாட்ட வேண்டுமா?

பதில்: வாட்டுவது இருக்கட்டும். 'விரல் வித்தை' என்றீர்களே, அதைச் சும்மா விட முடியாது. பியானோவில் விரல் கடைசி ஆள். பாரம் தோளிலிருந்து இறங்கி முழங்கை, மணிக்கட்டு வழியாக வருகிறது. விரல் தொடும் கட்டை உள்ளே போவது சுமார் 10 மில்லிமீட்டர். மெல்ல அமிழ்த்த ஏறக்குறைய 50 கிராம் போதும். பியானோவுக்குள்ளே கம்பியை அடிக்கும் சுத்தியல், அதைத் தொடுவதற்கு இம்மியளவு முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அதன்பிறகு எத்தனை அழுத்தினாலும் நாதம் மாறாது.

போட்டியின் முதல் சுற்றில் எட்யூட், அதாவது கைத்திறனைச் சோதிக்கும் பயிற்சி உருப்படி, கட்டாயம். இசையமைப்பாளர் ஷோப்பானின் ஓபஸ் 10 என்ற எட்யூட் தொகுப்பில் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் ஒன்றையொன்று தாண்டி அரைச்சுர வரிசையை ஓட்ட வேண்டும். ஷோப்பான் குறித்த வேகத்தில் நொடிக்கு ஒன்பது சுரத்துக்கு மேல். அதே கையின் பெருவிரலும் ஆட்காட்டிவிரலும் கீழே கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) போட வேண்டும். தடுமாற்றம் கேட்பது மேல் வரிசையில், கெடுப்பது பெருவிரல். கார்டைத் தொட்டதும் விடாமல் பிடித்துக்கொண்டால் மணிக்கட்டு இறுகும், முன்கை எரியும், சுண்டுவிரல் சுரங்களை விழுங்கத் தொடங்கும். மேல் வரிசையைத் தனியாக, பாதி வேகத்தில், சன்னமாக வாசித்துப் பழகி, பிறகு கார்டைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். வலித்தால் அன்றைக்கு மூடிவைத்துவிட வேண்டும். வலியோடு உட்கார வைக்கும் ஆசிரியர்தான் பிள்ளைகளை வாட்டுகிறவர். இயக்குநர் யாகுப் பியோன்தெக் மேடைக்குப் பின்னால் தவிக்கும் முகங்களை அருமையாகப் பிடித்திருக்கிறார். அந்த இடத்தில் கொஞ்சம் கைகளுக்கும் கொடுத்திருக்கலாம்.

இந்தப் போட்டி என்றாலே எல்லாரும் 1980-ஐ இழுப்பார்கள். போட்டியாளர் இவோ போகொரெலிச்சை இறுதிச் சுற்றுக்கு விடவில்லை என்று நடுவர் மார்த்தா ஆர்கெரிச் விலகிய கதை. சரி, அந்த ஆண்டு ஜெயித்தது யார்? போர்க்கால வியட்நாமில் பியானோ கற்ற டாங் தாய் சன். அங்கே முதல் பரிசு வாங்கிய முதல் ஆசியர். அவர் பெயரை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்வது அநியாயம். 2021-ல் வென்ற புரூஸ் லியு அவருடைய மாணவர்தான். மேடைக்குத் தயாராக இருந்த ஐந்து பியானோக்களில் லியு தேர்ந்தெடுத்தது ஃபாஸியோலி என்ற இத்தாலியத் தயாரிப்பு. அவர் வாசிப்பு முழுவதும் யூடியூபில் இருக்கிறது. விரலை விட்டுவிட்டுத் தோளைக் கவனியுங்கள்.